தூக்கிச் செல்லப்பட வேண்டியவர்

ஈச்சந்தாங்கல் ஊராட்சியில் பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. ‘பேரிடரில் எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் பதிவேடு’ என்று அதன் மேல் ஒட்டியிருக்கும். அதில் வரிசை எண் பதினான்கு இப்படிச் சொல்கிறது:

‘அமிர்தவல்லி. வயது 67. கணவர் காலமானவர். தனித்து வாழ்பவர். கல்வி: இல்லை (கைநாட்டு). நடமாட்டம்: பிறர் துணையுடன் மட்டும். பேரிடர் குறித்த விழிப்புணர்வு: இல்லை. வெளியேற்றும் முறை: தூக்கிச் செல்லப்பட வேண்டியவர். பொறுப்பு: திரு. கிறிஸ்டோபர், முதல்நிலை மீட்பாளர்.’

இதில் பெயர் சரி. கணவர் காலமானதும், பெண் சென்னையில் வேலைக்குப் போனபின் தனியாக இருப்பதும் சரி. மற்றதெல்லாம் வேறு யாருக்கோ எழுதியது. அப்படி ஒருத்தி ஈச்சந்தாங்கலில் இருந்திருந்தால் அவளுக்காவது பயன்பட்டிருக்கும்.

அமிர்தவல்லிக்கு வயது ஐம்பத்திரண்டு. அறுபத்தேழு என்பது பதின்மூன்றாம் வரிசைக்காரரின் வயது. எழுதிய கை ஒரு வரி இறங்கும்போது அதையும் கூடவே இறக்கிக்கொண்டு வந்துவிட்டது. மற்ற விவரங்கள் அவளை நேரில் பார்த்து, கேட்டு, முறைப்படி தவறாக எழுதப்பட்டவை.

கிராம நிர்வாக அலுவலர் ராமகிருஷ்ணன் கணக்கெடுக்க வந்த அன்று அவருக்கு ஊரில் ஒரு வீட்டில் சாப்பாடு சொல்லியிருந்தது. சாப்பாடு ஆறுவதற்குள் காலனியின் முப்பத்திரண்டு வீட்டையும் முடித்தாக வேண்டும். அமிர்தவல்லி வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஏரிக்கரையில் கருவேல முள் ஏறிய பாதத்தில் மஞ்சள் வைத்துத் துணி சுற்றியிருந்தது.

“நடப்பியாம்மா?”

“இன்னிக்கு இன்னாத்த நடக்கிறது சார். யாராவது புடிச்சா நடக்கலாம்.”

ராமகிருஷ்ணன் எழுதிக்கொண்டார்.

“கையெழுத்துப் போடு.”

“கையெல்லாம் புளி சார். கழுவிட்டு வந்துர்றேன்.”

“கழுவ எங்க நேரம்? கட்டைவிரல வையி” என்று மை டப்பாவை நீட்டினார். வைத்தாள். அதையும் எழுதிக்கொண்டார்.

“பேரிடர்னா இன்னான்னு தெரியுமா?”

“நீங்க வர்றதுதான் சார்.”

அவர் நிமிர்ந்தே பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதினார்.

உண்மையில் அமிர்தவல்லி மேல்சித்தாமூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிளஸ் டூ வரை படித்தவள். வரலாற்றில் நல்ல மார்க். கணக்கில் ஒரு தடவை போய், இரண்டாம் தடவை பாஸ். நூறு நாள் வேலையில் பன்னிரண்டு வருஷமாக அவள்தான் பொறுப்பாளர். யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை அடி நீளம், எத்தனை அடி ஆழம் எல்லாம் அவள் எழுதுவதுதான். ஊராட்சி அலுவலகத்து இரும்பு பீரோவில் மூன்று தட்டு நிறைய இருக்கும் நோட்டுகள் முழுக்க அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து. அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று சொல்லும் பச்சை நோட்டை அதே பீரோவின் நாலாவது தட்டில் வைத்தார்கள்.

ஒரு நாள் வருகை நோட்டை வைக்கப் போனவள் பச்சை நோட்டைப் பிரித்துத் தன் வரியைப் படித்தாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு மீனம்பாளிடம் சொல்லிச் சிரித்தாள்.

“போயி மாத்தச் சொல்றதுதானேடி” என்றாள் மீனம்பாள்.

“எதுக்கு? பதினஞ்சு வயசு சும்மாவே குடுத்திருக்காங்க. தூக்கினு வேற போறாங்களாம். என் கல்யாணத்தன்னிக்குக்கூட என்ன யாரும் தூக்கல.”

அரசாங்கம் எழுதியது தப்பு என்று தெரிந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுவாள், திருத்தப் போகமாட்டாள். அது ஒரு குணம். நல்ல குணம் என்று சொல்வதற்கில்லை.

ஈச்சந்தாங்கல் செஞ்சியிலிருந்து பனமலைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊர் மேட்டில் இருக்கிறது. ஏரி ஊருக்கும் வயலுக்கும் நடுவே. காலனி ஏரிக்கரையின் அடிவாரத்தில். காலனியில் பாதிப் பேர் கோயிலுக்கும் பாதிப் பேர் சர்ச்சுக்கும் போகிறார்கள். எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு. அங்கே பெண்கள் நர்ஸாகவும் பையன்கள் கம்ப்யூட்டர் படித்தவர்களாகவும் ஆகிவிட்டார்கள். ஏரிக்குக் கீழே ஒரு சென்ட் நிலம் மட்டும் இன்றுவரை யாருக்கும் கிடையாது. ஆகவே ஏரித் தண்ணீர் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கரை உடைந்தால் முதல் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். அதற்கு யாரும் கூட்டம் போடுவதில்லை.

கூட்டத்துக்குப் பதிலாக ஒத்திகை நடந்தது. ஐப்பசி மாதத்தில், மழை ஒரு சொட்டு இல்லாத ஒரு நாள், காலை பதினோரு மணி வெயிலில். வெள்ளம் எங்கே வருகிறது என்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு மூங்கிலுக்கு நடுவே புடவை கட்டிய தூளியில் வரிசை எண் பதினான்கைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கினார்கள். முன்பக்கம் கிறிஸ்டோபர்.

கிறிஸ்டோபர் அதே தெருக்காரன், முப்பத்திநாலு வயது, செஞ்சி பஜாரில் செல்போன் கடை வைத்திருப்பவன். செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து ஆரஞ்சுக் கலர் ஜாக்கெட், விசில், கயிறு, சான்றிதழ் ஆகியவற்றோடு திரும்பியவன். சான்றிதழை லேமினேட் செய்து கடையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது இரண்டாம் நாள் மதிய பிரியாணி.

தூளி காலனியைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தை நோக்கி ஆடி ஆடிப் போனது. அதுதான் நிவாரண மையம்.

“டேய் கிறிஸ்டோ” என்றாள் தூளிக்குள்ளிருந்து அமிர்தவல்லி. “எங்க வூடு மேடு. ஸ்கூலு பள்ளம். ரெண்டடி பள்ளம். மழ பேஞ்சா புள்ளைங்க பெஞ்சு மேல குந்திக்கினு இருக்கும். வெள்ளத்துலேர்ந்து தூக்கி வெள்ளத்துக்கே எடுத்துனு போறியே.”

“யக்கா, நீ மயக்கத்துல இருக்க. பேசக்கூடாது.”

“யாரு சொன்னா?”

“ஒத்திகை பேப்பர்ல போட்டிருக்குது.”

பேப்பரில் போட்டிருந்ததால் அவள் மயக்கத்திலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாள். கைதட்டினார்கள். செஞ்சியிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒருவர் அவளிடம் குனிந்து, “பயமா இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். “மூங்கில் முறியுமோன்னு இருந்துது சார்” என்றாள். பிறகு எழுந்து, போகிற வழியில் குழாயடியில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அப்போது யாரும் போட்டோ எடுக்கவில்லை.

ஒத்திகை முடிந்ததும் வீட்டுக்கொரு மஞ்சள் பை கொடுத்தார்கள். டார்ச், விசில், மெழுகுவத்தி, கயிறு, ஒரு துண்டுத்தாள். ஒரே மாதத்தில் காலனி முழுக்க டார்ச்சுகள் கட்டிலடியில் பாம்பு தேடப் போய்விட்டன. விசிலை ஊதினால் குரங்கு ஓடும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். செஞ்சிக் கோட்டைக் குரங்குகள் எதற்கும் ஓடுவதில்லை என்பதால் இது ஈச்சந்தாங்கலுக்குப் பெருமை. பைகள் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய் வந்தன.

அமிர்தவல்லி தன் பையில் காய்ந்த மிளகாய் போட்டுவைத்தாள். ரேஷன் கார்டு, ஆதார், மார்க் ஷீட் போன்றவற்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வைக்கும்படி துண்டுத்தாள் சொன்னது. அவை எப்போதும்போல் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டப்பாவிலேயே இருந்தன. சொன்னது சரியாக இருந்தாலும் சொன்னவர் சரியில்லை என்றால் கேட்பதில்லை என்று ஒரு பிடிவாதம். பள்ளிக்கூடத்தை நிவாரண மையம் என்பவன் பிளாஸ்டிக் கவரைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறான் என்று நினைத்தாள். நியாயமான கேள்வி, தப்பான முடிவு.

இந்தத் தயார்நிலையில் உருப்படியாக ஒன்று இருந்தது என்றால் அது மணல் மூட்டைகள். கரை எங்காவது இளகினால் போட்டு அடைப்பதற்காக நூற்றைம்பது மூட்டை கட்டச் சொன்னார்கள். நூறு நாள் வேலைப் பெண்களே மணலை வாரிக் கட்டினார்கள். கலங்கல் பக்கத்தில் அடுக்கிவைத்தார்கள். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காகக் கரையின் ஓர் ஓரத்தில் தாழ்வாகக் கட்டிவிட்ட கற்சுவருக்குக் கலங்கல் என்று பெயர். தண்ணீர் அதைத் தாண்டினால் ‘ஏரி கோடி போகுது’ என்பார்கள். ஊரே திரண்டு வந்து ஏரிக்குப் பூசை போட்டுக் கிடா வெட்டும். நிலக்காரர்களில் பெரியவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள்.

ஏரிக்குக் கீழே நாலு ஏக்கர் வைத்திருக்கும் பச்சைமுத்துவுக்கு அந்த மூட்டைகளைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. ஈச்சந்தாங்கலில் அவருக்கு மட்டும்தான் வந்தது என்று சொல்ல முடியாது. நிலம் வைத்திருந்த எல்லாருக்கும் ஒரே நாளில் வந்தது. மூட்டைகளைக் கலங்கல் சுவர்மேல் அடுக்கினால் ஒன்றரை அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். மார்கழியில் நடும் நவரைப் பட்டத்து நெல்லுக்குக் கவலையில்லை. இரண்டு டிராக்டர் டிரைவர்களை வைத்து ஒரே மதியத்தில் அடுக்கிவிட்டார்கள்.

வெள்ளம் வராமல் தடுக்கக் கட்டிய மூட்டையால் வெள்ளம் போகிற வழியை அடைத்தார்கள். மொட்டைமாடி டேங்க்கில் வழியும் குழாயை அடைத்துவிட்டு மோட்டாரை ஓடவிடுகிற காரியம். யாருக்கும் இது விபரீதமாகப் படவில்லை. மழையே பெய்யாத ஊரில் தண்ணீரை வெளியே விடுவது என்பது பெற்ற பிள்ளையைத் தெருவில் விடுவது மாதிரி. ராமகிருஷ்ணன் பைக்கை நிறுத்தி அதைப் போட்டோ எடுத்தார். ‘கலங்கல் மணல் மூட்டைகளால் பலப்படுத்தப்பட்டுள்ளது’ என்று அறிக்கை போனது.

அமிர்தவல்லி அன்றே கேட்டாள். பச்சைமுத்து டீக்கடை வாசலில் நின்றிருந்தார்.

“அண்ணே, கலங்கல அடைச்சிட்டா தண்ணி எந்தப் பக்கம் போவும்?”

அவள் அம்மா காலத்தில் அவரை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் இருபது வருஷமாக ‘அண்ணே’ என்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தது போல இருக்கும்.

“எங்கயும் போவாது. ஏரியிலயே நிக்கும்.”

“எம்மாம் நாளு?”

“ஒனக்கு இன்னா அதப் பத்தி? ஒனக்கு நெலமா நீச்சா?”

“வூடு இருக்குதே அண்ணே.”

“மழ வந்தா பாத்துக்கலாம்” என்றார் பச்சைமுத்து. ஈச்சந்தாங்கலின் பேரிடர் மேலாண்மைத் திட்டம் மொத்தமும் இந்த மூன்று வார்த்தையில் அடங்கும்.

மழை கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை பகலில் பிடித்தது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். கடந்த பிறகும் அது ஊரைவிட்டு நகராமல் நின்று பெய்தது. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை மேகத்துக்குள் போனது, மறுபடி வெளியே வரவேயில்லை. ‘ஈச்சந்தாங்கல் பேரிடர் குழு’ என்ற வாட்ஸ்ஆப்பில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதற்கு அடியில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் பதினொன்று, எங்கோ வடநாட்டில் பாலம் அடித்துக்கொண்டு போகும் வீடியோ ஒன்று.

சென்னையிலிருந்து மகள் ஜெயஸ்ரீ போன் செய்தாள். “யம்மா, சர்டிபிகேட்டு எல்லாம் மேல எடுத்து வச்சிட்டியா?”

“வச்சிட்டேன், வச்சிட்டேன்” என்றாள் அமிர்தவல்லி. டப்பா கட்டிலுக்கு அடியில் இருந்தது. மிளகாயைத்தான் பரணில் ஏற்றியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை விடிந்ததும் யூரியா சாக்கை ஒரு மூலை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறினாள். ஏரி மூட்டைகளின் மேல்விளிம்புக்கு நாலு விரல்கடை கீழே நின்றது. அது அவளைப் பயமுறுத்தவில்லை. அவள் பார்க்க வந்தது வேறு இடம்.

கலங்கலிலிருந்து நூறு அடி தள்ளி முன்பு ஒரு பெரிய பனை நின்றது. அது இடி விழுந்து பட்டுப்போனதும் வேரோடு பிடுங்கிவிட்டு, அந்தக் குழியை அடைக்கும் வேலை நூறு நாள் ஆட்களுக்கு வந்தது. ஐந்து வருஷம் முன்பு. மண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அரையடிக்கு ஒருதரம் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அன்றைக்கு வெயில். திமிசு ஒன்றுதான் இருந்தது, அதிலும் பிடி உடைந்திருந்தது. அளக்க வந்தவர், “நீளம் வந்துருச்சில்ல? கெட்டிச்சதா எழுதிக்கோம்மா, எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார். எல்லாருக்கும் சந்தோஷம். ‘கெட்டித்தல் முடிந்தது’ என்று அமிர்தவல்லி தன் குண்டுக் கையெழுத்தில் எழுதினாள். ராமகிருஷ்ணன் அவளைப் பற்றி எழுதியதற்கு எந்தவகையிலும் குறைந்த எழுத்து அல்ல அது.

அந்த இடத்தின் அடிவாரத்தில் இப்போது ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கரையில் தண்ணீர் ஊறுவது புதிதல்ல. தெளிவாக ஊறினால் கவலையில்லை. இது டீ மாதிரி வந்தது. அப்படியென்றால் தண்ணீரோடு கரையும் வெளியே வருகிறது. அங்கே நின்று பார்த்தால் நேர் கீழே அவள் வீடு, பக்கத்தில் மீனம்பாள் வீடு, மாடு கட்டிய கொட்டகை, இரண்டடி பள்ளத்தில் பள்ளிக்கூடம். ஒத்திகையை நம்பிய ஏழெட்டுக் குடும்பம் நேற்று ராத்திரியே பாயோடு அங்கே போய்ப் படுத்திருந்தது.

ராமகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள். அவர் செஞ்சியில் தன் வீட்டு மாடியில் இருந்தார்.

“சார், கரை கசியுது சார். சேத்துத் தண்ணியா வருது. கலங்கல்ல மூட்டைய எடுத்துடணும்.”

“யாரும்மா பேசுறது?”

“காலனி அமிர்தவல்லி சார்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “பதினாலா? ஏம்மா, ஒன்ன யாரு கரைக்குக் கூட்டினு வந்தது? ஒனக்குத் தூக்குறதுக்கு ஆளு போட்டிருக்குது. வூட்ட வுட்டு அசையாத.”

“நான் அசையாம இருந்தா வூடு அசஞ்சிடும் சார்.”

“மூட்டைல கைய வைக்காத. அது கவர்மென்ட் சொத்து. மேல கேக்கணும். இன்னிக்கு ஞாயித்துக்கெழம வேற.”

போனை வைத்துவிட்டுக் கலங்கலுக்கு வந்தாள். அங்கே பச்சைமுத்து குடை பிடித்துக்கொண்டு, வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டி நின்றிருந்தார். அவரும் ஏரியைப் பார்க்கத்தான் வந்திருந்தார். இப்படி நிரம்பி அவர் பார்த்ததில்லை.

“இன்னா அமிர்தவல்லி, காலைலயே ஏரி பாக்க வந்துட்ட?”

“ஏரி என்னப் பாக்க வருது அண்ணே. அதான் எதிர்க்கவே வந்துட்டேன். பனை எடத்துல கசியுது. மூட்டையப் பிரிக்கணும்.”

“தொட்டுடாத. நாலு நாள் வெயில் அடிச்சா தண்ணி எறங்கிடும்.”

“நாலு நாள் தாங்காது. மத்தியானம் தாங்காது.”

“நீ கண்டியா? கரைய எல்லாம் நீங்கதான கெட்டிச்சீங்க? கணக்கு எழுதினியே.”

“எழுதுனேன். கெட்டிக்கல.”

பச்சைமுத்து குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“ஏரிய வெட்டுனவள்னு பேரு வாங்கிடாத. சொல்லிட்டேன்.”

வானம் பார்த்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு இல்லை. கொலை செய்தவன் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்தால் டீக்கடையில் இடம் உண்டு. நிறைந்த ஏரியைத் திறந்துவிட்டவனுக்குக் கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கரையை வெட்டினார் என்று, அவர் பேத்திக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் இன்றும் ‘ஏரிவெட்டி வூடா?’ என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிக்கிறார்கள். ஜெயஸ்ரீக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இதையெல்லாம் நினைக்க அமிர்தவல்லிக்கு நேரம் இருந்தது, நினைக்கவும் செய்தாள். ஒரு பக்கம் மகளுக்கு வரப்போகும் பேர். இன்னொரு பக்கம் முப்பத்திரண்டு வீடும், பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களும், தான் எழுதிய ஒரு வரியும்.

சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலங்கல்மேல் இறங்கினாள். முதல் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். நனைந்த மணல், அசையவில்லை. பக்கவாட்டில் உதைத்து இளக்கி மறுபடி இழுத்தாள். வந்தது.

பச்சைமுத்து அவளைத் தடுக்க வேண்டுமென்றால் முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். வேட்டி வெள்ளை. அவர் இறங்காமல் செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார், சாட்சிக்கு.

நாலாவது மூட்டையில் கரைமேல் ஆரஞ்சுக் கலர் தெரிந்தது. கிறிஸ்டோபர் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

“யக்கா! ஒன்ன வூட்டுல தேடுறேன், நீ இங்க இன்னா பண்ற? ஒன்ன வெளியேத்திட்டேனான்னு கேட்டு மெசேஜ் மேல மெசேஜ் வருது. போட்டோ கேக்குறாங்க. வா, ஸ்கூலுக்குப் போலாம்.”

“தூக்கணுமா?”

“ஆமாக்கா.”

“இந்தா, இதத் தூக்கு” என்று ஒரு மூட்டையை அவன் காலடியில் போட்டாள். “பனை எடத்துல, கீழ, தண்ணி ஊறுற எடத்தச் சுத்தி வட்டமாப் போடு. மேல போடாத, தண்ணி வேற எடத்துல பிச்சிக்கும். சுத்திப் போடு.”

கிறிஸ்டோபர் பச்சைமுத்துவைப் பார்த்தான். அவர் வீட்டில் ஆறு போன், ஆறுக்கும் ரீசார்ஜ் அவன் கடையில். பிறகு கரைக்கு அந்தப் பக்கம் கீழே பார்த்தான். பள்ளிக்கூடத்து வாசலில் அவனுடைய ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மனைவி ஜாஸ்மின் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி அவனேதான் பத்திரமாக அங்கே கொண்டுபோய் விட்டிருந்தான்.

“அய்யோ மாதாவே” என்றான். மூட்டையைத் தூக்கினான். பிறகு விசில் எடுத்து ஊதினான். பயிற்சிக்கு அப்புறம் அந்த விசில் குரங்கில்லாத காரியத்துக்கு ஊதப்பட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்திலிருந்து ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். மீனம்பாளும் நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் நாலைந்து பேரும் கரைக்கு வந்தார்கள். மூட்டை கட்டியவர்கள் அவர்கள்தான். எது எங்கே போக வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மூட்டை போனதும் தண்ணீர் கலங்கல்மேல் தடதடவென்று இறங்கியது. போகிற வழியில் பச்சைமுத்து வாய்க்காலை மடக்கி நட்டிருந்த அரை ஏக்கர் நெல் படுத்துவிட்டது. காலனிக்குள் வாய்க்கால் பொங்கி முழங்கால் தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியிலும் வந்தது. கரை நின்றது. பகல் மூன்று மணிக்கு ஊறிய தண்ணீர் தெளிந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. ‘வரிசை எண் 14 பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டார்’ என்று அறிக்கை போனது. ஏரி கோடி போய்விட்டதால், வழக்கப்படி அடுத்த வாரம் பூசை போட்டுக் கிடா வெட்டினார்கள். கோடி போகவிடாமல் அடைத்த பச்சைமுத்துவுக்கே, கோடி போனதற்காகப் பரிவட்டம் கட்டினார்கள். அவரும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். ஊரில் எல்லா வீட்டுக்கும் கறிப் பங்கு போனது. அமிர்தவல்லி வீட்டுக்குப் போகவில்லை. ஏரிவெட்டி வீட்டுக்குப் பங்கு கொடுப்பதில்லை.

கிறிஸ்டோபருக்குச் செஞ்சியில் ஒரு மேடையில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மூட்டையைத் தோளில் வைத்திருக்கும் அவன் போட்டோவைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். பச்சைமுத்து சாட்சிக்கு எடுத்த வீடியோவிலிருந்துதான் அதை வெட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு வளையல் கை மட்டும் தெரியும். கிறிஸ்டோபர் அவ்வளவு மோசமானவன் இல்லை. சான்றிதழைக் கொண்டுவந்து அமிர்தவல்லியிடம் நீட்டினான்.

“யக்கா, நீயே வச்சிக்க.”

“என்கிட்ட குடுத்தா நனைஞ்சிடும்டா” என்றாள்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது ரேஷன் கார்டு பிழைத்திருந்தது, ஆதார் பிழைத்திருந்தது. பிளஸ் டூ மார்க் ஷீட் கஞ்சியாகியிருந்தது. அவளுக்குக் கல்வி உண்டு என்பதற்கு இருந்த ஒரே காகிதம் அது. மிளகாய் பரணில் சுக்காகக் காய்ந்து, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. ஜெயஸ்ரீயிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

மறு வருஷம் பதிவேட்டைப் புதுப்பித்தார்கள். பதினான்காம் வரிசையில் ஒரே ஒரு திருத்தம்: வயது 68.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு மணியிலிருந்து பத்தே முக்கால் வரை அமிர்தவல்லி கலங்கலின் மேலிருந்து நாற்பத்தோரு மணல் மூட்டைகளைக் கையால் இழுத்து அகற்றினாள். அவற்றில் பதினெட்டைத் தலையில் சுமந்துபோய், தான் கெட்டிக்காமல் விட்ட இடத்தைச் சுற்றி அடுக்கினாள்.